நாங்கள் இங்கிலாந்துக்குப் போய் வந்த கதை

என்னோடொத்த வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கவேண்டுமென்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஒருநாளும் போகாத ஓர் ஊர் உங்களுக்கு ஞாபகம் வருவதுண்டா? படத்தில் பார்த்த ஊரைச் சொல்லவில்லை, கனவையும் சொல்லவில்லை. நடந்து திரிந்த ஊர் ஞாபகம் வருவதுபோல, உள்ளங்காலில் கல் குத்தியதும், ஈரக் காற்றில் சட்டை நமுத்துப்போனதும், பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் வாத்துகள் கத்தியதும் ஞாபகம் வருவது. எனக்கு அப்படி ஓர் ஊர் இருக்கிறது. இங்கிலாந்தில், கடற்கரையில். நான் அங்கே போகவில்லை. இந்த வயதில் அதை நிச்சயமாகச் சொல்லமுடியும். எட்டு வயதில் முடியவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், ரெயின் போகும்போது யன்னல் கண்ணாடி நடுங்குகிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா கந்தோர் ஒன்றில் கிளாக்கர். அம்மாவின் தம்பி, என் சின்னமாமா, இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் அங்கேயே ஒரு வெள்ளைக்காரியைக் கலியாணம் செய்தவர். அந்தக் கோபத்தில் அம்மா சில வருடங்கள் அவரோடு கதைக்கவில்லை. கடைசியில் அந்த வெள்ளை மாமியே ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே, விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற வீடுகளின் வழவழப்பான ஒரு படப்புத்தகம். அதோடு மடித்து மடித்து வைத்த ஒரு வரைபடம். ஆவணி மாத விடுமுறைக்கு மூன்று பேரும் கட்டாயம் வரவேண்டும், கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு ‘கொற்றேஜ்’ எடுத்து இரண்டு கிழமை எல்லாரும் ஒன்றாக இருப்போம், பக்கத்துக் கிராமங்களையும் சுற்றிப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“கொற்றேஜ் எண்டால் என்னப்பா?” என்று அம்மா கேட்டார்.

அப்பா அகராதியை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அதை மூடி வைத்தார்.

“கொட்டில் எண்டு கிடக்கு.”

“கொட்டிலோ?”

“சின்ன வீடு எண்டும் சொல்லலாம்.”

“கடற்கரையிலை கொட்டில் போட்டோ என்ரை தம்பி எங்களை வைச்சிருக்கப் போறான்? அவள் எங்களைப் பற்றி என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறாள்?”

அப்பா படப்புத்தகத்தைத் திறந்து காட்டினார். கல்லுச் சுவர், வாசலில் ரோசாப்பூ, சின்னச் சின்ன யன்னல்கள். அம்மா கூரையைத்தான் பார்த்தார்.

“பாருங்கோ, வேய்ஞ்சுதான் கிடக்கு.”

“அது கிடுகில்லையப்பா. வைக்கல்.”

“வைக்கலெண்டால் இன்னும் மோசம்.”

இந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவர் கொழும்பு மாமா. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். கொழும்பில் வேலை, மனைவி மானிப்பாயில். மாதத்தில் ஒன்றிரண்டு தரம் வெள்ளி இரவு மெயில் ரெயின் ஏறி, சனிக்கிழமை காலையில் கொக்குவிலில் இறங்குவார். மானிப்பாய்க்கு ரெயின் இல்லாதபடியால் அவருடைய சைக்கிள் எங்கள் வீட்டில்தான் நிற்கும். முகம் கழுவி, அம்மா ஊற்றுகிற தேத்தண்ணியைக் குடித்து, அப்பாவோடு ஒரு பாட்டம் கதைத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்.

“அக்கா, அங்கை காசுக்காரர்தான் கொட்டிலிலை இருக்கிறவை. ஏழையளைத்தான் அடுக்குமாடியிலை ஏத்தி விடுறவங்கள்” என்றார் கொழும்பு மாமா.

“உது என்ன கண்டறியாத ஊர்” என்று அம்மா சொன்னார். ஆனால் கோபம் போய்விட்டது.

அன்றைக்கே திட்டம் தொடங்கியது. அப்பா எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் சிவப்புச் சீமெந்து நிலம். படப்புத்தகத்தில் அந்தக் கொற்றேஜின் அறைகளின் நீளம் அகலம் எல்லாம் இருந்தன. அப்பா சோக்குக்கட்டியால் அதை நிலத்தில் கீறினார். கொழும்பு மாமா அடிமட்டத்தைப் பிடித்தார். இது முன்னறை, இது குசினி, இது படிக்கட்டு. மேல்மாடியைக் கூடத்தில் கீற இடமில்லை என்பதால் வெளியே விறாந்தையில் கீறினார்கள். அதனால் இங்கிலாந்தில் மாடிக்குப் போவதென்றால் வாசலைத் தாண்டி வெளியே போகவேண்டும் என்று நான் பலநாள் நினைத்திருந்தேன்.

அம்மா முதலில் அந்தக் கோடுகளை மிதித்துக்கொண்டு நடந்தார். பிறகு சுற்றிப் போனார். பிறகு ஒருநாள் சோக்குக் குசினிக்குள்ளே நின்று கேட்டார்.

“இஞ்சேருங்கோ, இதுக்குள்ளை நிண்டால் கடல் தெரியுமோ?”

“தெரியாது. குசினி பின்பக்கம்.”

“அப்ப நான் இரண்டு கிழமையும் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறதே?”

“நீர் அங்கை சமைக்கத் தேவையில்லை. அது விடுமுறை.”

“சமைக்காமல்? பாணைத் திண்டு கொண்டிருக்கிறதோ?”

பக்கத்துக் கிராமங்கள்தான் என்னைப் பெரிதாகக் குழப்பின. அவற்றின் பெயர்கள் எங்கள் ஒருவருடைய வாயிலும் வரவில்லை. அப்பா வரைபடத்தில் விரலை வைத்து எனக்கு விளங்கப்படுத்தினார். “இது எங்கடை கோப்பாய் மாதிரி, தோட்டக் கிராமம். இது குருநகர் மாதிரி, மீன் பிடிக்கிற இடம். இதிலை ஒரு பழைய ஆசுப்பத்திரி இருக்கு, அப்ப மானிப்பாய் எண்டு வைப்பம்.” பிறகு வீட்டில் எல்லாரும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். முதல்நாள் ஆறுதலாக இருப்பது, இரண்டாம் நாள் கோப்பாய், நாலாம் நாள் குருநகர். இங்கிலாந்துக்குப் போய்க் கோப்பாயைப் பார்ப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று எனக்கு விளங்கவில்லை. கோப்பாய்க்கு நாங்கள் போன கிழமைதான் ஒரு கலியாணத்துக்குப் போய் வந்திருந்தோம்.

கொழும்பு மாமாதான் எல்லாரையும்விட உற்சாகம். தான் போகாத பயணத்துக்கு ஒரு மனிதர் அவ்வளவு ஆசையாகத் திட்டம் போட்டதை நான் பிறகு காணவில்லை. “குருநகருக்கு விடியப் போகவேணும் மச்சான், வள்ளம் வந்து சேருற நேரம். பத்து மணிக்குப் போனால் அங்கை வலைதான் காயும்” என்பார். அப்பா உடனே திட்டத்தை மாற்றுவார்.

ஆடி மாதம் பாஸ்போட் எடுக்கவென்று அப்பா கொழும்புக்குப் போனார். கொழும்பு மாமாவின் அறையில் தங்கி, அலுவல் முடிந்ததும் வருவதாகச் சொன்னார்.

கொழும்பில் தமிழரைத் தேடித் தேடி வெட்டிய அந்த ஆடியை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அது எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். வானொலி எந்நேரமும் கத்திக்கொண்டிருந்தது. அயல் சனங்கள் வந்து வந்து முற்றத்தில் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள், அம்மா யாரையும் பார்க்கவில்லை. சோக்குக் குசினிக்குள் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனபோது “கோட்டை அழிச்சுப்போடாதை” என்று மட்டும் சொன்னார்.

அப்பா கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். யாரோ கொடுத்த சாரமும் தனக்குப் பெரிதான சேட்டுமாக, தாடியோடு கேற்றைத் திறந்தபோது நான் பிச்சைக்காரர் என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். கொழும்பு மாமாவுக்கு அறை வாடகைக்குக் கொடுத்த சிங்கள அம்மா தன் களஞ்சிய அறைக்குள் அவரை வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாராம். அதற்கு மேல் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குளித்தார். சோறு தின்றார். பிறகு ஒரு வாளித் தண்ணீரும் தும்புத்தடியும் எடுத்துவந்து கூடத்து நிலத்தைத் தானே கழுவினார். முன்னறை, குசினி, படிக்கட்டு எல்லாம் வெள்ளைத் தண்ணீராக வாசலால் ஓடியது. விறாந்தையிலிருந்த மேல்மாடியை ஏனோ கழுவவில்லை.

“பாஸ்போட்?” என்று அம்மா அடுத்தநாள் மெல்லக் கேட்டார்.

“இல்லை.”

“கந்தோர் பூட்டோ?”

“பூட்டு.”

கொழும்பு மாமா வரவில்லை. அவருடைய கந்தோரில் வேலை செய்த ஒருவர் அடுத்த கப்பலில் வந்து, மானிப்பாய்க்குப் போய் அவர் மனைவியிடம் செய்தியைச் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. உடலில்லாத வீட்டில் எதை எப்படிச் செய்வதென்று சனத்துக்கும் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் கிணற்றடியில் நின்று ரகசியமாகக் கதைத்ததாக அம்மா வந்து சொன்னார். அம்மாதான் அந்த வீட்டுக்குப் போனார். அப்பா காய்ச்சல் என்று படுத்திருந்தார்.

சின்னமாமா தந்தி அடித்தார். எப்படியாவது வெளிக்கிட்டு வாருங்கள், இரண்டு கிழமை இல்லை, எவ்வளவு காலமும் இருக்கலாம் என்று. அம்மாவுக்குப் போகவேண்டும் போலிருந்தது. முன்பு கொட்டில் என்று சண்டை பிடித்த அம்மா, இப்போது “வைக்கல் கூரையெண்டாலும் நிம்மதியாப் படுக்கலாம்” என்றார். பாஸ்போட்டுக்குத் திரும்ப எழுதிப்போடச் சொன்னார்.

“விருந்தாளியாப் போக இருந்த வீட்டுக்கு அகதியாப் போகமாட்டன்” என்றார் அப்பா.

“ரோசம்! உந்த ரோசத்தை வைச்சு என்ன செய்யப் போறியள்? இந்தப் பிள்ளையை நினைச்சீங்களோ?”

அப்பா எழும்பி முற்றத்துக்குப் போனார். அதன்பிறகு அம்மா அவரோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் “கொப்பாவைச் சாப்பிடச் சொல்லு” என்பார். அப்பா அங்கேயே நின்றுகொண்டிருப்பார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்து “அப்பா, சாப்பிடட்டாம்” என்பேன். ஆவணி அப்படியே போயிற்று. விடுமுறையா அது, வேறேதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

புரட்டாதி பிறந்தது. சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். கோயிலில் நாங்கள் அதிகநேரம் நிற்கவில்லை. திரும்பி வந்து, எங்கள் பின்கோடியில் நின்ற கொழும்பு மாமாவின் சைக்கிளை எடுத்தார். என்னைக் கரியரில் இருத்தி, தான் ஏறாமல், மானிப்பாய் வரைக்கும் அதை உருட்டிக்கொண்டே நடந்தார். வெயில் ஏறிவிட்டது. தாவடித் தோட்டங்களில் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. “ஏறி ஓடுங்கோவன் அப்பா” என்றேன். அவருக்குக் கேட்கவில்லைப் போலிருந்தது.

மானிப்பாய் மாமியின் வீட்டு விறாந்தையில் காது கேளாத தகப்பனார் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். மாமி வெளியே வந்து, முதலில் சைக்கிளைப் பார்த்தார். பிறகுதான் எங்களைப் பார்த்தார். அம்மாவைவிட இளமை. வெறும் நெற்றி. எனக்கு அந்த முகத்தில் என்ன குறைகிறதென்று உடனே பிடிபடவில்லை.

“இருங்கோ அண்ணை.”

அப்பா கதிரையின் நுனியில் இருந்தார். மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவரோடை வேலை செய்தவர் சொன்னவர். அண்டைக்குக் காலமை உங்கடை பாஸ்போட் எடுக்கவெண்டுதான் அவர் வெளிக்கிட்டவராம். உங்களுக்குக் காய்ச்சலாம்.”

அப்பா நிலத்தைப் பார்த்தார்.

“எடுத்துக்கொண்டு வந்து தந்தவரோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

விறாந்தையில் கிழவர் இருமினார்.

“ஓம் தங்கச்சி. தந்தவன். தந்திட்டுத்தான் கந்தோருக்குப் போனவன்.”

மாமி நிலையிலிருந்து கையை எடுத்தார். கண்ணைத் துடைக்கவில்லை.

“அப்ப நீங்கள் இங்கிலாந்துக்குப் போட்டு வந்தனீங்கள்” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தலையில் வந்து இருந்தது. அடிக்கிற கை இல்லை, தடவுகிற கையும் இல்லை. பாரமான கை.

“ஓம்” என்றார் அப்பா. “போட்டு வந்தனாங்கள்.”

“அவருக்கு எந்த நேரமும் அதுதான் கதை. அவை வந்து சொல்லேக்கை நாங்கள் ஆறுதலா இருந்து கேக்கவேணும் எண்டவர்.” மாமி குந்தியிருக்கிற பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சொல்லுங்கோ அண்ணை.”

அப்பா சொல்லத் தொடங்கினார். முதலில் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரவு போய் இறங்கியது, குளிர், சின்னமாமா கார் கொண்டுவந்தது. பிறகு வரைபடத்தில் விரல் வைத்துச் சொன்ன அதே குரல் வந்துவிட்டது. ஆனால் அப்போது ‘போவம், பாப்பம்’ என்று சொன்னதெல்லாம் இப்போது ‘போனனாங்கள், பார்த்தனாங்கள்’ ஆயிற்று.

மாமாவின் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தோம். அடுத்த சனியும் அப்பாவின் சைக்கிளில் போனோம். அதற்கடுத்த சனியும். மாமி நிறையக் கேட்பார். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். கோப்பாய் மாதிரியான அந்தக் கிராமத்தில் குளமிருந்தது, வாத்து இருந்தது, பஸ் நிற்கிற இடத்திலேயே வாத்து வந்து காலைக் கொத்தியது. குருநகர் மாதிரியான ஊருக்கு விடிய எழும்பிப் போனதால் வள்ளம் வந்து சேருவதைப் பார்க்கமுடிந்தது. அந்த இடத்தில் அப்பா கொஞ்சம் நிறுத்தி, “அது அவன் சொல்லித்தந்த யோசனை” என்றார். மாமி தலையாட்டினார்.

ஒருநாள் அப்பா அந்த ஊர்க் கடலைப் பற்றிச் சொன்னார். எங்கள் கடல் நின்ற இடத்தில் நிற்கிற கடல். அந்தக் கடல் அப்படியில்லை, காலையில் உள்ளே போய்விடும், கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல்தான் என்றார்.

“கடல் எங்கை போறது?” என்று மாமி கேட்டார்.

“உள்ளுக்குப் போறது. பின்னேரம் திரும்பி வந்திடும்.”

“திரும்பி வந்திடுமோ?”

“ஓம் தங்கச்சி.”

மாமி கொஞ்சநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா உடனே என்னை இழுத்துக் கதைக்குள் விட்டார். “இவள்தான் தண்ணிக்குள்ளை இறங்கமாட்டன் எண்டு நிண்டவள். கால் வைச்சவுடனை கத்தினவள்.”

“அவ்வளவு குளிரோ பிள்ளை?” என்று மாமி கேட்டார்.

“ஓம்” என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பொய் சொல்லவில்லை. கேட்ட அந்த நேரத்தில் என் காலில் குளிர்ந்தது.

திரும்பி வரும்போது சைக்கிள் பாரில் இருந்துகொண்டு கேட்டேன். “அப்பா, நாங்கள் எப்ப போனனாங்கள்?”

அவர் கனதூரம் மிதித்தார். “உனக்கு ஞாபகம் இல்லையோ?”

“இல்லை.”

“பரவாயில்லை. ஞாபகம் வரும்.”

ஒரு பிள்ளைக்கு அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. மறதி எனக்கு மட்டும் வந்த வருத்தம், மாறிவிடும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தன் மாமன் இந்தியாவுக்குப் போய்வந்ததைச் சொன்னபோது, நாங்கள் இங்கிலாந்துக்கே போய் வந்தோம் என்றேன். எப்போது என்று கேட்டார்கள். ஆவணியில் என்றேன். ரீச்சர் சிரித்தார். “ஆவணி முழுக்க நீ என்ரை வீட்டை ரியூசனுக்கு வந்தனீயெல்லோ பிள்ளை?” அதுவும் உண்மைதான். ரீச்சர் வீட்டு மாமரமும் ஞாபகமிருந்தது, அந்த வாத்தும் ஞாபகமிருந்தது. இரண்டில் எது பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை.

புரட்டாதி முடிந்தது. ஐப்பசியும் முடிந்து மழை பிடித்துக்கொண்டது. அப்பா சனிக்கிழமை போவதை நிறுத்தவில்லை. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி அம்மாவைக் கேட்டாள்.

“புரட்டாதி முடிஞ்சு எவ்வளவு நாள்? உன்ரை மனிசனை இன்னும் சனி விடேல்லையோ?”

கேட்டுவிட்டுச் சிரித்தாள். மானிப்பாயில் அவளுக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள். அம்மா விறுவிறென்று உள்ளே வந்து என் தோளைப் பிடித்தார்.

“கொப்பா எங்கை கூட்டிக்கொண்டு போறவர்?”

“மானிப்பாய் மாமி வீட்டை.”

“அங்கை என்ன செய்யிறவர்?”

“கதைக்கிறவர்.”

“என்ன கதை?”

“நாங்கள் இங்கிலாந்து போன கதை.”

அம்மா எனக்கு ஒரு அறை விட்டார். அப்பா எனக்குப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார் என்று நினைத்திருப்பார். பிறகு என் முகத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். “நாங்கள் எப்ப போனனாங்கள்?”

“தெரியாது. எனக்கு இன்னும் ஞாபகம் வரேல்லை” என்று அழுதேன்.

அடுத்த சனி அம்மா நல்ல சீலை உடுத்தார். அப்பாவோடு கதைக்காமலே கேற்றடியில் போய் நின்றார். அப்பா அவரைப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். வழியெல்லாம் அம்மா என் கையை நோக நோகப் பிடித்திருந்தார்.

மாமி அம்மாவைக் கண்டதும் ஓடிவந்தார்.

“அக்காவும் வந்திட்டியளோ! நல்லதாப் போச்சு. எனக்கு அண்ணையிட்டைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. அவருக்குக் குசினி விசயம் ஒண்டும் தெரியேல்லை.”

“என்ன குசினி?” என்றார் அம்மா. குரல் கல்லாக இருந்தது.

“அந்தக் கொற்றேஜ் குசினிதான்.”

அம்மா இருக்கவில்லை. மாமி தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னார். “உங்களுக்கு அலுப்புக் குடுக்கிறன் எண்டு தெரியும் அக்கா. என்ன செய்ய? அவர் கடைசியாச் செய்த வேலை அதுதானே. காய்ச்சலெண்டு அண்ணையைப் படுக்கச் சொல்லிப்போட்டு, தான் போய் உங்கடை பாஸ்போட்டை எடுத்து அண்ணையின்ரை கையிலை குடுத்தது. நீங்கள் அதிலை ஒருக்காப் போட்டு வந்தீங்கள். அது வீணாப் போகேல்லை எண்டு நினைச்சால்தான் எனக்கு நித்திரை வருது.”

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு எந்தப் பாஸ்போட்டும் வரவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். கந்தோர் பூட்டு என்று அப்பா சொன்னதும் தெரியும். அப்பாவுக்குப் பதிலாகக் கொழும்பு மாமா போனார் என்பதுதான் தெரியாது. அப்பா தலையைக் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் ரோசம் என்று அம்மா சொன்னது ரோசமில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகு விளங்கியது. அன்றைக்கு நான் கண்டது, அம்மாவின் முகம் ஒரு தரம் ஆடி நின்றதும், அவர் மெல்ல அந்தக் கதிரையில் இருந்ததும்தான்.

“குசினி எப்பிடி அக்கா?” தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு மாமி கேட்டார்.

நான் அம்மாவையே பார்த்தேன். எனக்கு அப்போது பெரிய எதிர்பார்ப்பு. அம்மாவுக்காவது ஞாபகமிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

“சின்னன்” என்றார் அம்மா. தேத்தண்ணியை வாங்கினார். “சின்னக் குசினி. கரன்ற் அடுப்பு. முதல்நாள் நான் தொடவே பயந்திட்டன்.”

“பிறகு?”

“பிறகென்ன, சமைக்காமல் ஏலுமோ? இவர் பாணைத் திண்டு கொண்டிருக்கலாம் எண்டார். நான் குருநகர்… அந்த மீன் பிடிக்கிற ஊரிலை மீன் வாங்கி, கொண்டுபோன தூளைப் போட்டு ஒரு குழம்பு வைச்சன். தம்பியின்ரை மனிசி கண்ணாலை தண்ணி ஓட ஓடச் சாப்பிட்டாள்.”

“ஐயோ பாவம்.”

“பாவமோ? இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினவள். யன்னலைத் திறந்தால் கடல். அதைப் பார்த்துக்கொண்டு சமைக்கேக்கை அலுப்பே தெரியேல்லை.”

“குசினியிலை இருந்து கடல் தெரியாதெண்டு அண்ணை சொன்னவர்.”

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பாமலே சொன்னார். “அவர் எப்ப குசினிக்குள்ளை வந்தவர், கடல் தெரியிறதோ இல்லையோ எண்டு அறியிறதுக்கு?”

மாமி சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சீலைத் தலைப்பால் முகத்தை மூடினார். தோள் நெடுநேரம் குலுங்கியது.

திரும்பும்போது நான் பாரில், அம்மா கரியரில். அப்பா மூன்று பேரையும் வைத்து மெல்ல மிதித்தார். தாவடியைத் தாண்டினோம்.

“காய்ச்சல் கடுமையோ?” என்று அம்மா பின்னாலிருந்து கேட்டார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அப்பாவிடம் நேரே கேட்ட முதல் கேள்வி அது.

“எழும்பேலாமல் கிடந்தது.”

“நீங்களோ போகச் சொன்னனீங்கள்?”

“இல்லையப்பா. ‘நீ படு, நான் எடுத்துக்கொண்டு வாறன்’ எண்டு தானாத்தான் வெளிக்கிட்டவன்.” அப்பாவின் நெஞ்சு என் முதுகில் இடித்து இடித்து அடங்கியது. “நானும் சரியெண்டிட்டன்.”

சைக்கிள் ஒரு பக்கம் சரிந்தது. அப்பா காலை ஊன்றினார். அம்மா இறங்கவில்லை. கொஞ்சநேரம் மூன்று பேரும் அப்படியே தெருவோரத்தில் நின்றோம். பிறகு அம்மா சொன்னார். “மழை வரப்போகுது, மிதியுங்கோ. அடுத்த சனி நானும் வாறன். நீங்கள் கன விசயத்தைப் பிழையாச் சொல்லி வைச்சிருக்கிறியள்.”

இரண்டு கிழமை விடுமுறையை நாங்கள் இரண்டரை வருடமாகச் சொன்னோம். அம்மா வந்தபிறகு அந்த ஊரில் மழை பெய்யத் தொடங்கியது, பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி முளைத்தாள், எனக்குத் தடிமன் பிடித்தது. பிறகு மாமியின் தமையன் வந்து அவரையும் தகப்பனாரையும் வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சின்னமாமா பிறகும் பலதரம் கூப்பிட்டார், அப்பா போகவில்லை. அந்தப் படப்புத்தகமும் வரைபடமும் தொண்ணூற்றைந்து வரைக்கும் அலுமாரியில் இருந்தன. ஆமிக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அன்று அவற்றை எடுக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அப்பா சாவகச்சேரியில், பிறத்தியார் வீட்டில் செத்துப்போனார்.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தார். ஒருநாள் பின்னேரம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, கனகாலமாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். கொக்குவிலுக்கும் மானிப்பாய்க்கும் இடையில் எத்தனை வாய்கள். நாங்கள் எங்கேயும் போகவில்லையென்று ஒருவராவது அந்த மாமிக்குச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? அவவுக்குத் தெரியுமா, தெரியாதா?

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரையாக்கும் என்று நினைத்தேன்.

“வெளிநாடு போட்டு வந்த சனம் படம் எடுக்காமல் வருமோ?” என்றார். “அவள் ஒருநாளும் ஒரு படம் காட்டுங்கோ எண்டு கேக்கேல்லை, பிள்ளை.”